நாற்பது வாட் பல்பும் ஒரு நீலக் கோட்டும்

சண்முகவடிவு யாரோடும் சண்டைக்குப் போகிறவள் இல்லை. தண்ணீர் லாரி வரிசையில் யாராவது குறுக்கே நுழைந்தால்கூட, "அவளுக்கு என்ன அவசரமோ" என்று குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொள்வாள். ஆனால் வருஷத்தில் நாலு மாதம், ஜூன் பத்தாம் தேதி வாக்கில் முதல் மழை விழுந்ததிலிருந்து தசரா வரைக்கும், அவளைப் பார்த்தால் வீட்டில் உள்ளவர்களே இரண்டடி தள்ளி நிற்பார்கள். சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டைக் கட்டி, ஒரு கையில் பினாயில் வாளியும் மறு கையில் தேய்ந்துபோன பல் பிரஷ்ஷுமாகப் பின்சுவருக்கு எதிரே நிற்பாள். எதிரி சுவரில் இருந்தது. பூசணம்.

சங்கரன்கோவில் பக்கத்தில் பிறந்தவளுக்குப் பூசணம் அவ்வளவாகப் பழக்கமில்லை. அந்த வெயிலில் அது பிழைக்க முடியாது. எப்போதாவது ஊறுகாய் ஜாடிக்குள் எட்டிப் பார்க்கும், வெயிலில் வைத்தால் ஓடிப்போகும். கல்யாணமாகிப் பூனாவுக்கு வந்த பிறகுதான் அதன் முழுச் சொரூபத்தையும் கண்டாள். கணவர் மாடசாமி படைக்கலத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தார். விஷ்ராந்த்வாடியில், ஆளந்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மேட்டின் அடியில் கட்டிய மூன்று மாடிக் கட்டிடத்தில் கீழ்வீட்டை வாங்கினார். மேட்டில் விழுகிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கி, வேறு போக்கிடம் இல்லாமல், நேராக வடிவின் பின்சுவருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. அவர்கள் பார்க்கப் போனது மே மாதம். மே மாதத்தில் அந்தச் சுவர் அவ்வளவு யோக்கியமாக இருந்தது.

முதல் மழைக்காலத்திலேயே மாடசாமியின் பெல்ட்டில் கோதுமை மாவு தூவினாற்போல ஒரு வெள்ளை. அதைத் துடைத்தால் செருப்பில் பச்சை. செருப்பைத் துடைத்தால் சுவரில் கறுப்பு. ஆணியில் மாட்டிய குடையில்கூடப் பிடித்தது. வடிவு சுண்ணாம்பு அடித்தாள், பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்தாள், வேப்பிலை சொருகினாள், சாம்பிராணி போட்டாள். மாடி வீட்டு வைஷாலி மராத்திக்காரி. அவள் வந்து, "புர்ஷிக்கு வினிகர்தான் மருந்து, வஹினி" என்றாள். அவள் பாஷையில் பூசணம் புர்ஷி, அண்ணி வஹினி. வினிகரும் போட்டாயிற்று. வீடு பத்து நாள் ஊறுகாய் ஜாடி மாதிரி மணத்தது. பதினோராம் நாள் பூசணம் புத்துணர்ச்சியோடு திரும்பி வந்தது.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தாள். சுவரில் எங்கே கறுப்புத் திட்டு விழுகிறதோ அங்கே ஒரு காலண்டர். பழைய காலண்டரைக் கழற்றினால் திட்டு தெரியும், ஆகவே எதையும் கழற்ற முடியாது. தொண்ணூறு தாண்டும்போது அந்தச் சுவரில் ஏழு வருஷங்கள் ஒன்றாகத் தொங்கின. விருந்தாளி யாராவது "இன்னைக்கு என்ன தேதி?" என்று நிமிர்ந்தால், வடிவு "மூணாவதா தொங்குற முருகரப் பாருங்க, அவருதான் இந்த வருஷம்" என்பாள்.

இவ்வளவோடு போயிருந்தால் சண்டை சுவரோடு முடிந்திருக்கும். ஆனால் எண்பத்தொன்பதில் மாடசாமிக்கு ஒரு பரிசு கிடைத்தது.

பெட்டிகளை அடுக்கும்போது எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று தடுமாறாமல் இருக்க, மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் அடிக்கலாம் என்று அவர் ஒரு யோசனை எழுதிப் போட்டிருந்தார். கல்கத்தாவில் மேலதிகாரிகள் அதைத் தேர்ந்தெடுத்து, நேரில் வந்து சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். பிரிவே சேர்ந்து, ராணுவ அதிகாரிகளுக்குத் தைக்கிற ஒரு கண்டோன்மெண்ட் தையல்காரரிடம் அளவு கொடுத்து, கருநீலத்தில் டெரிவுல் கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்தது. மாடசாமி வாழ்க்கையில் முதல் கோட்டு. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் விழா ரத்தாகிவிட்டது. சான்றிதழ் ஒரு அட்டைக் குழலுக்குள் தபாலில் வந்தது.

வடிவு அதைக் கண்ணாடி போட்டு, எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று பின்சுவரில் நடு ஆணியில் மாட்டினாள். அடுத்த மழைக்காலம் முடிந்து கண்ணாடியைத் துடைக்கப்போனபோது உள்ளே சான்றிதழ் இல்லை. அதாவது தாள் இருந்தது. எழுத்தும் முத்திரையும் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தோட்டம் இருந்தது. மாடசாமி என்ற பெயரில் 'சாமி' மட்டும் மிச்சம்.

மாடசாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரி, தாளு போச்சு. அந்தக் கோட்ட மட்டும் பாத்துக்க வடிவு. ரிட்டயர் ஆகுற அன்னைக்காவது போட்டுக்கிடுதேன்" என்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இதைப் பார்த்துக்கொள் என்று அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான். அன்றிலிருந்து சுவர், செருப்பு, பெல்ட், குடை எல்லாவற்றையும் பூசணத்துக்கு எழுதி வைத்துவிட்டு, கோட்டு ஒன்றை மட்டும் வடிவு தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

பல்பு யோசனை மாடசாமியுடையது. வானவடியில் ஒரு கேப்டன் வீட்டுக்கு ஏதோ பெட்டி கொடுக்கப் போனவர், அங்கே துணி அலமாரிக்குள் பட்டப்பகலில் பல்பு எரிவதைப் பார்த்துவிட்டு வந்தார். "பட்டாளத்துக்காரன் வீட்ல எல்லாம் மழைக்கு இதான். உள்ள சூடா இருந்தா ஈரம் அண்டாதாம்." இரும்பு பீரோவின் பின்பக்கம் துளை போட்டு, ஒயர் இழுத்து, துணி தொங்குகிற பக்கத்தில் அடித்தளத்தில் ஒரு நாற்பது வாட் பல்பைப் பொருத்தினார். தொண்ணூற்றொன்று ஜூனிலிருந்து அது எரிந்தது. கோட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் உறை உள்ளுக்குள் வியர்க்கிறது என்று வடிவு அதையும் கழற்றி எறிந்தாள். அந்த வருஷம் கோட்டில் ஒரு புள்ளி விழவில்லை. அடுத்த வருஷமும் விழவில்லை. மாதத்துக்கு ஒருமுறை மாடசாமி கேட்பார்.

"என்ன வடிவு, கோட்டு எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, ராசா மாதிரி இருக்கு. நாமதான் ஈரத்துல கெடக்கோம்."

வீட்டிலேயே காய்ந்து, கதகதப்பாக இருந்த ஒரே இடம் அந்த பீரோ. இந்த உண்மை தொண்ணூற்றிரண்டு ஜூலையில், வெறும் கையோடு பீரோ கதவைத் திறந்து நின்ற ஒரு நிமிஷத்தில், வடிவின் மூளைக்குள் வேறு விதமாகப் போய் விழுந்தது.

பூனா மழைக்காலத்தில் இட்லி மாவு புளிக்காது. இது அங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் தெரிந்த துக்கம். மாலையில் அரைத்து வைத்தால் காலையில் அரைத்தபடியே முறைத்துப் பார்க்கும். கம்பளி போர்த்துவார்கள், அடுப்பு மேடையில் வைப்பார்கள், சிலர் பாத்திரத்தைக் கட்டிலுக்கே தூக்கிப்போய்ப் பக்கத்தில் படுக்கவைப்பார்கள். மறுநாள் இட்லி தட்டில் விழுந்தால் சத்தம் கேட்கும்.

அன்று சாயங்காலம் வடிவு மாவுப் பாத்திரத்தை, சும்மா ஒரு பரீட்சைக்காக, பல்புக்குப் பக்கத்தில் வைத்து பீரோவைப் பூட்டினாள். காலையில் திறந்தபோது மாவு மூடியைத் தலையால் தள்ளிக்கொண்டிருந்தது. அன்றைய இட்லியை மாடசாமி ஒன்பது சாப்பிட்டார். பத்தாவதைக் கையில் எடுத்து அமுக்கி, அது மறுபடியும் எழும்பி வருவதைச் சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகென்ன, மழைக்காலம் வந்தாலே வடிவு வீட்டு இட்லிதான் அந்தப் பக்கம் பேச்சு. தமிழ்ச் சங்கத்து ஆடிக் கிருத்திகைக்கு அவளிடம்தான் சொல்லுவார்கள். வைஷாலி தன் பங்குக்கு மாவரைத்து, துண்டு சுற்றி, ஹீட்டர் போட்டு, சாமி கும்பிட்டு எல்லாம் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வருவாள்.

"சொல்லு வஹினி, ஸோடா போடுறியா? ஈஸ்ட் போடுறியா?"

"நான் ஒண்ணும் போடல வைஷாலி. கை ராசி."

"என் கைக்கு மட்டும் என்ன கேடு?"

கல்யாணப் பட்டுக்கும் கணவர் கோட்டுக்கும் நடுவில் மாவு உட்கார்ந்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? வைஷாலிக்குச் சொல்லவில்லை. மாடசாமிக்கு அறவே சொல்லவில்லை. கோட்டுக்கென்று அவர் போட்ட பல்பு அது. அதில் அவள் குடக்கூலி இல்லாமல் ஒரு பாத்திரத்தைக் குடிவைத்திருக்கிறாள். அவர் முதல் ஷிப்டுக்கு ஐந்தரைக்கே போய்விடுவார், அவர் எழுவதற்குள் மாவை வெளியே எடுத்துவிடலாம். சாயங்காலம் அவர் டீக்கடைக்குப் போகிற நேரம் உள்ளே வைத்துவிடலாம். ஒன்பது வருஷம் அப்படியே ஓடியது.

மகள் சோனியாவுக்கு மட்டும் தெரியும். பூனாவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசும்போது பாதி வழியில் இந்திக்கு வண்டி மாற்றிவிடுவாள்.

"மம்மி, என் துப்பட்டா ஃபுல்லா கட்டா, புளிச்ச ஸ்மெல் வருது. காலேஜ்ல எல்லாரும், 'இன்னைக்கு உங்க வீட்ல தோசையா'ன்னு பூச்தே ஹைன்."

"நல்லதுதான. சாப்பாட்டு வீட்டுப் பொண்ணுன்னு தெரியட்டும்."

"பப்பாகிட்ட சொல்லட்டா?"

"சொல்லு. நாளைலருந்து டிபனுக்கு பாவ் ரொட்டிதான், பரவால்லையா?"

சோனியா அந்தத் துப்பட்டாவையே போட்டுக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பினாள்.

இரண்டாயிரத்து ஒன்று, ஜூலை முப்பத்தொன்று. மாடசாமி ஓய்வு பெறுகிற நாள் அரசாங்கத் தாளில் அச்சாகி வந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவரை மாலை போட்டு, பேண்டு வாத்தியத்தோடு கேட்டுக்கு வெளியே அழைத்து வருவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் கேட்டில் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து பிரிவே வீடு வரைக்கும் வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போகும். மொத்தம் அறுபது பேர்.

"என்ன போடப் போற?" என்று மாடசாமி கேட்டார்.

"இட்லிதான். வேற என்ன போட்டாலும் ஒங்க ஆளுவ என்னைய சும்மா விடுவாவளா?"

அறுபது பேருக்கு இட்லி என்றால் வழக்கமான பாத்திரம் போதாது. வடிவு எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்கிறவள் இல்லை. இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம், தமிழ்ச் சங்கத்திலிருந்து இரவல் வாங்கிய அலுமினியக் குண்டானில் மாவை நிரப்பி, பீரோவின் அடித்தளத்தில் இறக்கினாள். குண்டான் உயரம். கோட்டின் கீழ் ஓரம் அதன் மூடிக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. ஒரு சாண் இடைவெளி தாராளம் என்று நினைத்தாள். அதோடு நிற்கவில்லை. இவ்வளவு மாவுக்கு நாற்பது வாட் எந்த மூலைக்கு என்று பல்பைக் கழற்றிவிட்டு நூறு வாட்டைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாடசாமி முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வடிவு பீரோவைத் திறந்தாள்.

மூடி ஒரு ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. மாவு குண்டானைத் தாண்டி, மேலே ஏறி, கோட்டின் கீழ் ஓரத்தைப் பிடித்து, இடது பாக்கெட் வரைக்கும் போயிருந்தது. பாக்கெட்டுக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருந்தது. எல்லா வேலையும் முடித்துவிட்ட திருப்தியோடு மொத்தமும் மினுமினுத்துக்கொண்டு நின்றது. வடிவு சட்டென்று கதவைப் பாதி சாத்தினாள்.

"என்ன, பொங்கிருச்சா?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"எது?"

"அடுப்புல பாலு வச்சிருந்தியே."

"ஆமா, ஆமா, அதான்... தொடைச்சுக்கிட்டு இருக்கேன்."

கரண்டியால் வழித்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். மறுபடியும் ஈரத்துணி. வெளியே கொடியில் போடலாம் என்றால் விழ ஆரம்பித்து ஆறு வாரமாகியும் மழை நிற்கவில்லை. அதோடு வெளியே போட்டால் மாடசாமி பார்ப்பார். ஆகவே கோட்டைத் திரும்பவும் உள்ளேயே மாட்டி, பழைய நாற்பது வாட்டைப் போட்டு, "காஞ்சிரும், பல்பு இருக்குல்லா" என்று தனக்குத் தானே சொல்லிக் கதவைப் பூட்டினாள். அதன்பின் பீரோவைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. துணி வேண்டும் என்றால் சோனியாவை அனுப்பாமல், கொடியில் கிடக்கிற அரை ஈரச் சேலையையே கட்டிக்கொண்டாள். செவ்வாய் இரவு மழைக்கு டிரான்ஸ்ஃபார்மர் போய், புதன் முழுக்க அந்தப் பக்கம் கரண்டு இல்லை.

வியாழக்கிழமை கணவர் போனதும் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

கோட்டுக்குத் தாடி வளர்ந்திருந்தது. கீழ் ஓரத்திலிருந்து பாக்கெட் வரைக்கும் வெள்ளையாக, மென்மையாக, நடுவில் இளம்பச்சை ஓடிய தாடி. மாவுப் பிசுக்கு, ஈரம், வெதுவெதுப்பு, பூட்டிய கதவு. பூசணம் தன் வாழ்நாளில் இப்படி ஒரு விருந்து சாப்பிட்டிருக்காது. பத்து வருஷமாக வாசலிலேயே நிறுத்திவைத்திருந்த எதிரியை, வடிவு இலை போட்டு, பரிமாறி, விளக்கும் ஏற்றிவைத்து உட்காரவைத்திருந்தாள்.

சோனியா எட்டிப் பார்த்தாள். "பாப்ரே! மம்மி, இது நம்ம பயோ லேப்ல இருக்குற மாதிரியே..."

"நீ காலேஜுக்குப் போ."

கோட்டைப் பழைய சேலையில் சுற்றி, அதைப் பையில் போட்டு, பையைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே வந்தால் படியில் வைஷாலி.

"மழையில எங்க வஹினி?"

"சும்மா... கோயிலுக்கு."

"கோயிலுக்கா? பையில என்ன?"

"பிரசாதம்."

பையிலிருந்து வந்த வாசனைக்கு வைஷாலி மூக்கைச் சுருக்கினாள். எந்தச் சாமிக்கு இப்படி ஒரு பிரசாதம் என்று கேட்க வாயெடுத்து, மரியாதைக்காக விட்டுவிட்டாள்.

ஆளந்தி ரோட்டில் டிரைகிளீனிங் கடை வைத்திருந்த முகமது இஸ்மாயில் ஆம்பூர்க்காரர். கோட்டை மேஜையில் விரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்து ஒருமுறை முகர்ந்தார். நிமிர்ந்து வடிவைப் பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"இன்னாக்கா இது, கோட்டா ஊத்தப்பமா?"

வடிவு காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். கோட்டுல டீ பாத்திருக்கேன், பான் எச்சில் பாத்திருக்கேன், கல்யாணப் பிரியாணி பாத்திருக்கேன். உளுந்து பாத்ததில்ல."

"பாய், சிரிக்காதீங்க. செவ்வாக்கெழம அவுக ரிட்டயர்மெண்டு. அன்னைக்கு இதத்தான் போடணும். பன்னெண்டு வருசமா வச்சிருக்க கோட்டு."

இஸ்மாயில் சிரிப்பை நிறுத்தினார். பாக்கெட்டை வெளியே இழுத்து, உள்ளே காய்ந்துபோயிருந்த மாவை நகத்தால் சுரண்டினார்.

"பூஞ்சக்காளானை எடுத்துடுவேன். அது ஒண்ணும் பெரிய வேலையில்ல. ஆனா அது சாயத்த தின்னுட்டுது பாருங்க. தின்ன சாயத்த நான் எங்க போய் கேக்க? மார்க்கு இருக்கும்."

"எவ்வளவு இருக்கும்?"

கையை வட்டமாகக் குவித்துக் காட்டினார். "சரியா ஒரு இட்லி அளவு."

திங்கள் சாயங்காலம் கோட்டு திரும்பி வந்தது. இஸ்திரி கத்தி மாதிரி இருந்தது. பொத்தான்கள் மின்னின. இடது பாக்கெட்டுக்குக் கீழே, கருநீலத்தின் நடுவே, வெளிர் நீலத்தில் வட்டமாக ஒரு தேமல். இஸ்மாயில் சொன்ன அளவு சரியாக இருந்தது. அன்றைக்கு மாவை அரைத்து, அளவாகப் பிரித்து மூன்று பாத்திரத்தில் ஊற்றி, பீரோவின் மறுபக்கத் தட்டில் வைத்தாள். செய்கிற கைக்கு வேலை இருந்ததால் அழுகை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாடசாமி சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்து பீரோவுக்கு முன்னால் நின்றார்.

"எடு வடிவு."

வடிவு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கதவோடு கதவாக நின்றாள். "என்னங்க, ஒண்ணு சொல்லுதேன். கோவப்பட்டாலும் சரி, சொல்லிருதேன். அந்தச் சான்றிதழ் போன மாதிரி..."  கதவைத் திறந்தாள். உள்ளே மூன்று பாத்திரம், மூன்றும் தளதளவென்று பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவள் கோட்டை எடுத்து, தேமல் தெரிகிற மாதிரி அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒன்பது வருஷக் கதையையும், குண்டானையும், நூறு வாட்டையும், இஸ்மாயில் பாயையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

மாடசாமி தேமலைத் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"செக்‌ஷன்ல எனக்கு என்ன பேரு தெரியுமா வடிவு?"

"என்ன பேரு?"

"இட்லி அண்ணா."

"அது எதுக்கு?"

"எதுக்கா? ஜூன் பொறந்தா என் சட்டையில புளிச்ச மாவு வாசம். தொண்ணூத்திரண்டுலயே சேஷு பய கண்டுபிடிச்சுட்டான். நான் பெட்டி பக்கத்துல போனாலே, 'அண்ணன் வந்தாச்சு, சட்னி எங்க'ன்னு கேப்பான். மராத்திக்காரன் வரைக்கும் அந்தப் பேருதான்."

வடிவு கையிலிருந்த கோட்டைத் தாழ்த்தினாள். "அப்ப ஒங்களுக்குத் தெரியுமா? ஒம்பது வருசமாவா?"

"முன்னறையில இருந்து 'பொங்கிருச்சா'ன்னு கேட்டேனே, பாலையா கேட்டேன்?"

"பொறவு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ மாவ வெளிய எடுத்துருவ. ஜூலை மாசம் முழுக்கக் கல்லத் திங்க என்னால முடியாது."

"கோட்டு போயிருமேன்னு தோணலையா?"

"தோணுச்சு. காலைல தோணும். இட்லி வந்ததும் மறந்துரும்." சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "கொண்டா, போட்டுப் பாப்போம்."

ஒரு கை நுழைந்தது. இரண்டாவது கை, கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு நுழைந்தது. பொத்தான் போட முன்பக்கத்தை இழுத்தார். வந்தது, வந்தது, நின்றுவிட்டது. பொத்தானுக்கும் துளைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. வயிற்றை உள்ளே இழுத்தார். மூன்று விரல். மூச்சைப் பிடித்தார். வடிவும் கூடவே பிடித்தாள். மூன்று விரல்தான்.

பன்னிரண்டு வருஷம் ராசா மாதிரி வைத்திருந்த கோட்டை ஒரு நாளாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. பூசணம் தொடாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள். கோட்டு நாற்பத்தெட்டு வயதிலேயே நின்றுவிட்டது. மாடசாமி நிற்கவில்லை.

அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு பாத்திரங்களைப் பார்த்தார்.

"இதயும் பூசணமா செஞ்சுது?"

வடிவு முதலில் மூக்கால் சிரித்தாள். பிறகு வாயால் சிரித்தாள். பிறகு பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் வந்தது. அதில் அழுகை எவ்வளவு, சிரிப்பு எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை. சோனியா உள்ளே ஓடிவந்து, "க்யா ஹுவா? பப்பா, நீங்க ஏன் மூச்சு விடல?" என்றாள்.

"திறந்தே போட்டுக்கிடுதேன்" என்றார் மாடசாமி. "இப்பல்லாம் அதான் ஸ்டைலாம்."

சாயங்காலம் நாலு மணிக்கு வடிவும் சோனியாவும் குடை பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றார்கள். பேண்டு சத்தம் முதலில் வந்தது. பின்னால் கூட்டம். நடுவில் மாடசாமி. வடிவின் கண் நேராக இடது பாக்கெட்டுக்குப் போனது. தேமல் தெரிகிறதா? தெரியவில்லை. பதினேழு மாலை போட்டிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே மனிதரே தெரியவில்லை, கோட்டு எங்கே தெரிய? அப்படியே நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிடலாம் என்று அவள் நினைத்த நேரத்தில், சேஷு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, "இட்லி அண்ணாவுக்கு ஜே!" என்று ஹோலிக்குத் தூவுகிற சிவப்புக் குலால் பொடியை இரண்டு கைப்பிடி அள்ளி அவர் தலையில் கொட்டினான்.

ஒருவன் ஆரம்பித்தால் போதாதா? தலை, மீசை, தோள், முதுகு எல்லாம் குங்குமச் சிவப்பு. அதன்மேல் மழை. கருநீலக் கோட்டின்மேல் சிவப்பு ஆறாக இறங்கியது. மாலையின் வாழைநார் அவிழ்ந்து பூக்கள் பாக்கெட்டுக்குள் விழுந்தன. அந்தச் சிவப்பில் தேமல் எங்கே இருக்கிறது என்று இஸ்மாயிலே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மாடசாமி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பொத்தான் போடாத கோட்டு இரண்டு பக்கமும் பறக்க, பேண்டுக்கு ஆடிக்கொண்டு வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஆடி வடிவு பார்த்ததில்லை.

"மம்மி, கோட் கராப் ஆயிருச்சே" என்றாள் சோனியா.

"ஆவட்டும்ட்டி" என்றாள் வடிவு. "போடத்தான தச்சாவ."

வீட்டில் அறுபது பேர் காலண்டர் சுவருக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்தார்கள். இட்லி போகிற வேகத்துக்குச் சட்னி ஓடிப்பிடிக்க முடியவில்லை. கைகொடுக்க வந்த வைஷாலி ஒரு இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, இன்றைக்கு விடப்போவதில்லை என்று இடுப்பில் கைவைத்து நின்றாள். "வஹினி, இந்த மழையில, இவ்வளவு பேருக்கு! கை ராசின்னு மட்டும் சொல்லாத."

வடிவு வாயைத் திறப்பதற்குள் மாடசாமி எழுந்தார். பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நடந்துபோய், பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, உள்ளே எரிகிற பல்பையும் பக்கத்தில் காலியாக இருந்த மாவுப் பாத்திரத்தையும் சுட்டிக்காட்டினார்.

"யோசனை யாருதுன்னு கேட்டா, பல்பு என்னுது. மீதியெல்லாம் இவளுது."

வைஷாலி பட்டுச் சேலையைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள். "அன்னைக்குக் கோயிலுக்கு எடுத்துட்டுப் போன பிரசாதம்...?"

"அதேதான்" என்றாள் வடிவு.

எல்லோரும் போனபின் மாடசாமி கோட்டைக் கழற்றினார். சிவப்பும் நீலமும் கலந்து தரையில் சொட்டியது. வடிவு அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாய்கிட்ட குடுக்கவா? எப்படியும் ஒரு வழி பண்ணுவாரு."

"வேண்டாம். மாட்டிரு."

"பீரோவுலயா?"

"பீரோவுல மாவுக்கு எடம் வேணும்லா." அவர் சுற்றுமுற்றும் பார்த்து, பின்சுவரில் நடு ஆணியைக் காட்டினார். சான்றிதழ் தொங்கிய ஆணி. அதன்கீழ் அந்த வருஷத்துப் புதுத் திட்டு ஒன்று கைக்குட்டை அகலத்துக்கு விரிந்திருந்தது. மறைக்க இன்னும் காலண்டர் கிடைக்கவில்லை.

வடிவு கோட்டை அங்கே மாட்டினாள். திட்டு முழுக்க மறைந்தது. இரண்டடி பின்னால் வந்து, முருகருக்கும் லட்சுமிக்கும் நடுவில் அது நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தாள்.

"அங்க போட்டா ஒரு மாசத்துல முழுசாத் தின்னுருமேங்க."

"திங்கட்டும்" என்றார் மாடசாமி, மிச்சமிருந்த இட்லி ஒன்றை எடுத்துக்கொண்டு. "அதுவும் பன்னெண்டு வருசமா பசியோடதான கெடந்துச்சு."